கத்தியை எடுக்கும் முன்னால்

எங்கள் பக்கத்தில் கண் டாக்டரை எடைபோட ஒரே அளவுகோல்தான்: எத்தனை நிமிஷத்தில் முடித்தார்? "உள்ள போனேன், வெளிய வந்தேன், பத்தே நிமிஷம்பா" என்று ஒருவர் டீக்கடையில் சொல்லிவிட்டால் போதும். அந்த மாதமே அதே தெருவிலிருந்து நாலு பேர் அந்த டாக்டரைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். கால் மணி நேரம் ஆனால் டாக்டர் சுமார். அரை மணி என்றால் உள்ளே ஏதோ ஆகிப்போச்சு என்று பேச்சு.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன். கண்ணில் இரும்புத் தூள், கண்ணில் பொறி, வெல்டிங் வெளிச்சம் பட்டு ராத்திரி முழுக்கக் கண் எரிச்சல் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வருஷா வருஷம் ஆலையில் கண் பரிசோதனை முகாம் ஏற்பாடு செய்வதும் என் தலையில்தான். அதனால் ஊரில் 'கண்ணுன்னா இவன்கிட்ட கேளு' என்றாகிவிட்டது. கேட்பது ஒரே கேள்விதான்: நல்ல டாக்டர் யாரு?

பேர் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு நான் சொல்லும் பேரை நாளைக்கு நீங்கள் திட்டுவீர்கள். அதைவிட, கண்புரைக்கும், க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கும் அறுவை செய்யும் ஒருவர் எப்படி உருவாகிறார், அவருடைய திறமை எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டால், டாக்டரை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் நீளும். டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் காலக் கணக்கு. எம்.பி.பி.எஸ்., ஹவுஸ் சர்ஜன் காலத்தோடு ஐந்தரை வருஷம். அப்புறம் நீட் பி.ஜி. எழுதி, கண் மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி., மூன்று வருஷம். இதோடு அவர் கண் டாக்டர். புரை ஆபரேஷன் செய்யலாம், பெரும்பாலோர் செய்கிறார்கள். க்ளாக்கோமாவில் தனியாகத் தேற வேண்டுமென்றால் ஃபெலோஷிப் என்று ஏதாவது ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் இன்னும் ஒன்றோ இரண்டோ வருஷம் உட்கார வேண்டும். நடுவில் நீட் பி.ஜி.க்கு உட்கார்ந்து படித்த காலத்தையும் சேர்த்தால் பிளஸ் டூ முடித்தவர் முப்பதைத் தொட்டுவிடுவார். அதற்குள் அவரோடு படித்த இன்ஜினியர் சோழிங்கநல்லூரில் ஃபிளாட் வாங்கி, பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்திருப்பார்.

கை பழகுவது மனிதக் கண்ணில் தொடங்குவதில்லை. ஆட்டுக் கண்ணில் தொடங்குகிறது. கசாப்புக் கடையிலிருந்து வரும் கண்ணை ஒரு பிடியில் பொருத்தி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, வெட்டவும் தைக்கவும் பழகுகிறார்கள். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் சிமுலேட்டரும் வந்திருக்கிறது. ஆனால் முதல் சிரமம் கத்தி அல்ல, மைக்ராஸ்கோப்தான். பார்வை மேலே லென்ஸுக்குள் இருக்கிறது. கை எங்கோ கீழே வேலை செய்கிறது. இடது கால் மைக்ராஸ்கோப்பின் பெடலில், வலது கால் புரையை உடைத்து எடுக்கும் பேக்கோ மெஷினின் பெடலில். எங்கள் மில்லில் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கண் மூன்றாவது பக்கம், மூன்றும் ஒரே சரக்கின் மேல். வித்தியாசம், இங்கே சரக்கு சில மில்லிமீட்டர்தான்.

கண்ணுக்குள் இருக்கும் நம் இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. வயதாக ஆக அந்த லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. ஆபரேஷன் என்றால் உறையின் முன்பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வட்டம் கிழித்து, உள்ளே இருக்கும் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, உறையை அப்படியே விட்டுவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸை உட்காரவைப்பது. கேட்க எளிது. அந்த உறையின் பின்பக்கச் சுவர் நடுவில் சுமார் 4 மைக்ரான்தான் தடிமன். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது கிழிந்தால் பின்னாலிருக்கும் கூழ் போன்ற திரவம் முன்னால் வரும், லென்ஸ் துண்டு பின்னால் விழும், விழித்திரை டாக்டரைக் கூப்பிட வேண்டிவரும். படிக்கிற காலத்தில் ஒவ்வொரு கண் டாக்டருக்கும் கனவில் வருவது இந்தச் சுவர்தான் என்று ஒரு டாக்டர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு முழுசாக இல்லை.

லென்ஸை வெளியே எடுக்க இன்றைக்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, வெள்ளை விழியில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரங்கம் மாதிரி ஒரு வெட்டுப் போட்டு, லென்ஸின் கருவை முழுசாக வெளியே கொண்டுவருவது. தையல் தேவையில்லை, பெரிய மெஷினும் தேவையில்லை. சின்ன வெட்டு ஆபரேஷன், எஸ்.ஐ.சி.எஸ். என்பார்கள். இலவச முகாமில் அழைத்துப்போகிறவர்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். இன்னொன்று பேக்கோ. இரண்டரை மில்லிமீட்டர் அளவு துளை வழியாக ஒரு முனையை விட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுப்பது. நம்ம ஊரில் "லேசர்ல பண்ணிக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடந்தது பேக்கோதான். லேசர் அங்கே எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

பேக்கோ 1967இல் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன் என்பவர் கொண்டுவந்தது. பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல்லைச் சுத்தம் செய்த அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். உள்ளே வைக்கும் லென்ஸ் அதற்கும் மூத்தது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இல் முதலில் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் சில்லு குத்தி நின்றபோது கண் அதை விரட்டாமல் சும்மா இருந்ததைக் கவனித்தவர் அவர். நம் நாட்டில் அந்த லென்ஸ் சாதாரண ஜனங்களுக்கு எட்டியது, 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான். அதற்கு முன் வெளிநாட்டு லென்ஸின் விலையைக் கேட்டால் கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் பலருக்கு லென்ஸே வைக்காமல், சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். என் தாத்தா அந்தக் கண்ணாடியோடுதான் கடைசிவரை இருந்தார். படியில் இறங்கும்போதெல்லாம் காலால் தடவித் தடவி இறங்குவார்.

சரி, திறமையை எப்படி அளப்பது? இதற்கு யாரோ சொன்னது வேண்டாம், கணக்கே இருக்கிறது. 2012இல் அரவிந்த் கண் மருத்துவமனையின் அரவிந்த் ஹரிப்பிரியாவும் சகாக்களும் தங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த 79,777 புரை ஆபரேஷன்களை எடுத்து, எத்தனையில் சிக்கல் வந்தது என்று எண்ணி வெளியிட்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போது சிக்கல் வந்தது, அனுபவமுள்ள டாக்டர்கள் கையில் 0.79 சதவீதம். ஃபெலோஷிப் படிப்பவர்கள் கையில் 1.19. எம்.எஸ். படிப்பவர்கள் கையில் 2.06. வெளியிலிருந்து குறுகிய காலப் பயிற்சிக்கு வந்தவர்கள் கையில் 5.01. ஆஸ்பத்திரி ஒன்றுதான்; கை மாறினால் கணக்கும் மாறுகிறது.

அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் சுவாரஸ்யமான இடம் ஒன்று உண்டு. பயிற்சிக்காரர்கள் பேக்கோ செய்தபோது சிக்கல் 4.8 சதவீதம், அவர்களே எஸ்.ஐ.சி.எஸ். செய்தபோது 1.46 மட்டும். அதாவது 'மெஷின் ஆபரேஷன் உசத்தி, கையால் செய்வது மட்டம்' என்று நாம் நினைப்பது டாக்டர் யார் என்பதைப் பொறுத்தது. நன்றாகத் தேறியவர் கையில் இரண்டும் பாதுகாப்பானவைதான். தேறாதவர் கையில் விலை உயர்ந்த மெஷின் ஆபத்தைக் கூட்டுகிறது. பாக்கேஜ் ரேட்டைப் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

பாதுகாப்புப் பிரிவில் இருப்பதால் சொல்கிறேன், தன் இடத்தில் நடந்த சறுக்கலை எண்ணி, யார் கையில் எத்தனை என்று பிரித்து, அச்சில் போடுவது லேசான காரியமில்லை. விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏற்ற நான் படும் பாடு எனக்குத் தெரியும்.

அரவிந்தை ஆரம்பித்த ஜி. வெங்கடசாமி, எல்லோரும் சொல்லும் டாக்டர் வி., 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். இளம் வயதில் வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிப் போட்டது. அந்தக் கையோடு, எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் கண் மருத்துவம் படித்து, தனக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய அரவிந்த். இப்போது நமக்குப் பூந்தமல்லி பக்கத்திலேயே கிளை இருக்கிறது. 'நல்ல சர்ஜனுக்கு விரல் நீளமா, மெல்லிசா இருக்கும்' என்று யாராவது அளந்தால் இந்த மனிதரைச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது கையைப் பற்றி. புரை ஆபரேஷனில் கை பெரும்பங்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கத்தியை எடுக்கும் முன்னால் டாக்டர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்பதில்தான் பல பேருடைய கண் போகிறது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது பொதுப்பேச்சு அல்ல. எண் இருக்கிறது.

சென்னை சங்கர நேத்ராலயாவின் எல். விஜயா, ரோனி ஜார்ஜ் ஆகியோர் அடங்கிய குழு 2001 முதல் 2004 வரை ஓர் ஆய்வு செய்தது. சென்னை க்ளாக்கோமா ஆய்வு என்று பேர். பேரில் சென்னை இருந்தாலும் பாதி வேலை நடந்தது நம் கிராமங்களில்தான்: திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் அடுத்தடுத்து இருந்த 27 ஊர்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட 3,934 பேரின் கண்ணை முழுசாகப் பரிசோதித்தார்கள். முகாமில் செய்கிற மாதிரி டார்ச் அடித்துப் பார்த்ததல்ல. அழுத்தம், கோணம், நரம்பு, பக்கப் பார்வை எல்லாம். 64 பேருக்குத் திறந்த கோண வகை க்ளாக்கோமா இருந்தது. அந்த 64 பேரில் தனக்கு இந்த நோய் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர்.

கிராமத்து ஜனங்கள், டாக்டரிடம் போயிருக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம் என்றால், அதே ஆய்வின் சென்னை நகரப் பகுதியில் நோய் இருந்தவர்களில் 94 சதவீதம் பேருக்குத் தெரியவில்லை. வீதிக்கு வீதி கண் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது.

ஏன் தெரிவதில்லை? கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் நிமிஷத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர் வீதம் சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக அது வடிய வேண்டும். வடிவது குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டியது கூடும். கூடினால் பின்னாலிருக்கும் பார்வை நரம்பின் இழைகள், மொத்தம் பத்துப் பன்னிரண்டு லட்சம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஓரப் பார்வை முதலில் போகும், நடுப் பார்வை கடைசியில். வலி இல்லை, சிவப்பு இல்லை. போர்டில் கடைசி வரி வரை படிப்பார். போன இழை திரும்பி வராது. சிலருக்கு அழுத்தம் 21க்குள் இருந்தே நரம்பு சாகிறது என்பதால், அழுத்தத்தை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று எழுதிக்கொடுப்பதும் போதாது.

நீர் வடியும் கோணம் மூடிக்கொள்ளும் இன்னொரு வகை உண்டு. இதில் சிலருக்குத் திடீரென்று கண் சிவந்து, தலை பிளக்க, வாந்தி வரும். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இங்கேதான் புரை டாக்டரும் க்ளாக்கோமா டாக்டரும் ஒரே ஆளாக இருப்பதன் அருமை. நம் ஊரில் யாரும் "எனக்கு ஓரப் பார்வை குறையுது" என்று டாக்டரிடம் போவதில்லை. புரை என்றுதான் போகிறார்கள். அந்த ஒரு தடவைதான் அந்தக் கண்ணை ஒரு நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கப்போகிறார். அவர் புரையை மட்டும் பார்த்தால், அடியில் இருப்பது அப்படியே போகும். தேறியவர் என்ன செய்வார்? கோல்ட்மான் கருவியின் நீல வெளிச்சத்தில் அழுத்தம் அளப்பார். கண்ணாடி பதித்த ஒரு லென்ஸைக் கருவிழி மேல் வைத்து, நீர் வடியும் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார், கோனியோஸ்கோப்பி. இது சொன்னால் புரிகிற வித்தை இல்லை, நூற்றுக்கணக்கான கண்களில் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும், ஃபெலோஷிப் காலத்தில் பாதி இதில்தான் போகும் என்கிறார்கள். பாப்பாவை விரிக்கச் சொட்டு விடும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். கோணம் குறுகிய கண்ணில் சொட்டு விட்டால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடலாம். விரிந்த பிறகு லென்ஸின் ஓரத்தில் பொடுகு மாதிரி வெள்ளைச் செதில் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் லென்ஸைத் தாங்கும் இழைகள் பலவீனம், ஆபரேஷனில் உறை ஆடும், பிற்பாடு க்ளாக்கோமாவும் வரலாம். அப்புறம் நரம்பு. அப்புறம் தேவையானால் ஃபீல்ட் டெஸ்ட் என்ற பக்கப் பார்வைச் சோதனை, ஓ.சி.டி. என்ற ஸ்கேன்.

இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆபரேஷனே பத்து நிமிஷம்தான்.

புரையே க்ளாக்கோமாவைக் கொண்டுவருவதும் உண்டு. "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். லென்ஸை உறையோடு சேர்த்துப் பிடுங்கிய பழைய காலத்தில் அது சரியான யோசனைதான். இப்போது அப்படியில்லை. முத்தவிட்டால் லென்ஸ் ஊதிக் கோணத்தை அடைக்கும், அல்லது உறை வழியே கசிந்து வடிகாலை அடைக்கும். இரண்டிலும் அழுத்தம் தாறுமாறாக ஏறி, அறுவடைக்குக் காத்திருந்த கண் ஒரே வாரத்தில் போய்விடலாம். மறுபக்கம், கோணம் மூடும் வகை க்ளாக்கோமாவில் லென்ஸை எடுப்பதே நல்ல வைத்தியம் என்று 2016இல் ஈகிள் என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்த வகை நோயாளிகளில் புரையே இல்லாத தெளிந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கு, லேசரில் துளை போட்டவர்களைவிட நிலைமை நன்றாக இருந்தது. எந்தக் கண்ணுக்கு எது, எது முதலில், இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்று முடிவெடுப்பது இரண்டையும் கையாண்டவருக்குத்தான் சுலபம்.

இந்த இரட்டைப் படிப்புக்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு மூதாதை உண்டு. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரி என்பார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்குத் தவம் கிடந்து, சென்ட்ரலில் இறங்கிப் போய்விடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். 1909இல் க்ளாக்கோமாவுக்கு ஒரு ஆபரேஷனைச் சொன்னார்: வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் ஓரத்தில் வட்டக் கத்தியால் சின்னதாக ஒரு துளை போட்டு, உள்ளே தேங்கும் நீரை மேல் சவ்வுக்கு அடியில் வடியவிடுவது. மதராஸில் பிறந்த அந்த முறை உலகம் முழுக்கப் போனது. அதே எலியட், ஊசியால் புரையைத் தள்ளிவிடும் நாட்டு வைத்தியத்தில் கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்த கண்களை ஆராய்ந்து, 1917இல் லண்டனில் உரையாற்றி, அதைப் புத்தகமாகவும் போட்டார். ஓய்வுக்குப் பிறகு மேஜிக் பக்கம் போய், இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிரூபிக்கக் கிளம்பியவரும் இவர்தான். எழும்பூரில் அவர் பேரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்றைக்கு க்ளாக்கோமாவுக்குச் செய்யும் ட்ராபெகுலெக்டமி என்ற ஆபரேஷன் எலியட் போட்ட துளையின் வழியில் வந்ததுதான். 1968இல் கெய்ர்ன்ஸ் என்பவர் அதைத் திருத்தினார்: துளையைத் திறந்தபடி விடாமல், வெள்ளை விழியிலேயே பாதித் தடிமனுக்கு ஒரு மூடி செதுக்கி அதன் அடியில் துளை. மூடியைக் கண்ணுக்கே தெரியாத நைலான் நூலால் தைக்க வேண்டும். இறுக்கினால் நீர் வடியாது. தளர்த்தினால் மொத்தமும் வடிந்து கண் தொய்ந்துபோகும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அளவுகோல் கிடையாது, கை உணர்வுதான். இதில் விநோதம் என்னவென்றால், மற்ற எல்லா ஆபரேஷனிலும் புண் ஆறினால் வெற்றி. இதில் புண் நன்றாக ஆறிவிட்டால் துளை மூடிக்கொண்டு தோல்வி. ஆறாமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில நிமிஷம் வைத்து எடுக்கிறார்கள். அது கூடினாலும் ஆபத்து. அதனால் ஆபரேஷன் முடிந்து வாரக்கணக்கில் டாக்டர் விடமாட்டார். வா, அழுத்தம் பார், ஒரு தையலை எடு, மறுபடி வா. ட்ராபெகுலெக்டமியில் தேறியவர் என்றால் அவருடைய பின்கவனிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கவரப்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்குப் போன வருஷம் நடந்தது இது. ஒரு இடத்தில் பார்த்து "புரைதான், நாளைக்கே செஞ்சிடலாம்" என்றார்கள். வேறொரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். அந்த அம்மா முதல் நாள் ஆபரேஷன் தேதியே கொடுக்கவில்லை. வரிசையாகப் பார்த்துவிட்டு, புரை இருக்கும் வலது கண்ணை விட்டுவிட்டு, நன்றாகத் தெரிகிறது என்று அத்தை நம்பிக்கொண்டிருந்த இடது கண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டிலும் க்ளாக்கோமா. இடதில் நரம்பு பெருமளவு போயிருந்தது. சொட்டு மருந்து போட்டும் வலதில் அழுத்தம் இறங்கவில்லை. புரையையும் ட்ராபெகுலெக்டமியையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றார்.

அத்தைக்கு ஏமாற்றம். "ஏம்மா டாக்டரம்மா, எதிர் வீட்டுக்காரிக்கு மறுநாளே டிவில எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சுதாமே. எனக்கு எப்போ தெரியும்?"

"புரை எடுக்கிறதால கொஞ்சம் வெளிச்சமா தெரியும்மா. ஆனா அவங்களுக்குத் தெரியிற மாதிரி எதிர்பார்க்காதீங்க. இன்னொரு வேலை, உங்களுக்கு இப்ப இருக்கிற பார்வை போகாம பார்த்துக்கிறது. அது நடக்கிறது உங்களுக்கே தெரியாது."

"தெரியாததுக்கா இவ்ளோ செலவு?" என்றாள் அத்தை. டாக்டரம்மா கோபப்படவில்லை. ஃபீல்ட் டெஸ்ட் தாளை எடுத்து, கறுப்பாக இருந்த இடங்களைக் காட்டி, "இந்தப் பக்கத்துல இருந்து சைக்கிள் வந்தா உங்களுக்குத் தெரியாதும்மா, போன மாசம் யாராவது இடிச்சாங்களா?" என்று கேட்டார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடித்திருந்தார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

புரை டாக்டருக்கு மறுநாளே கும்பிடு கிடைக்கும். கட்டைப் பிரித்தவுடன் பேரனின் முகம் தெரிந்து அழுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். க்ளாக்கோமா டாக்டருக்கு அது கிடையாது. பத்து வருஷம் கழித்தும் அதே அளவு தெரிந்தால் அதுதான் அவருடைய சாதனை, அதற்காக யாரும் தேங்காய் பழத்தோடு வரப்போவதில்லை. பல நோயாளிகள் ஏதோ ஒரு கட்டத்தில் 'சொட்டு போட்டும் ஒண்ணும் கூடுதலா தெரியலையே' என்று நிறுத்தத்தான் பார்ப்பார்கள். அவர்களைப் பேசிப் பேசி நிறுத்தாமல் வைத்திருப்பதும் இந்தத் தொழிலின் திறமைதான். எம்.எஸ். பாடத்தில் இதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்களோ தெரியாது, அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் சிப்காட்டுக்காரர்களுக்கு இரண்டு விஷயம் தனியாக. ஒன்று, அடி. கம்பி நுனியோ, தெறித்த துண்டோ கண்ணில் பலமாகப் பட்டால், அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் பிற்பாடு புரை வரலாம். வடிகால் கோணம் கிழிந்திருந்தால் பல வருஷம் கழித்துக்கூட அழுத்தம் ஏறலாம். அதனால் அடிபட்டவர் ஊரைவிட்டு பீகாருக்கோ ஒடிசாவுக்கோ திரும்பிப் போகும்போது, வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்க்கச் சொல்லி இந்தியில் எழுதிக் கொடுக்கிறேன். ஃபர்னஸ் முன்னால் வருஷக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு வெப்பத்தால் புரை வரும் என்பது கண்ணாடித் தொழிற்சாலைகளில் எப்போதோ கண்டுபிடித்த விஷயம். எனவே அந்தக் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைக்காமல் முகத்தில் போடுங்கள்.

இரண்டு, சொட்டு மருந்து. மெட்ராஸ் ஐ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிறோம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. போட்டவுடன் சிவப்பு குறையும், சுகமாக இருக்கும். அதனால் கண் உறுத்தும்போதெல்லாம் அதே பாட்டில். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறும், புரையும் வரும். முப்பது வயது வெல்டருக்கு க்ளாக்கோமா என்று வந்தால், டாக்டர் முதலில் கேட்பது 'என்ன சொட்டு போட்டீங்க?' என்பதுதான்.

திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வீரராகவப் பெருமாளை வைத்தியர் என்று கும்பிடும் ஊருக்கு நிஜ வைத்தியர்களும் அதிகம் வரட்டும். நீங்கள் எங்கே போனாலும், புரை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்னால் கேட்க வேண்டியது: அழுத்தம் எவ்வளவு, கோணம் பார்த்தீர்களா, நரம்பு எப்படி இருக்கிறது, இந்த ஆபரேஷனை நீங்களே செய்கிறீர்களா. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அத்தையின் வலது கண்ணில் அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. டிவி எழுத்து பெரிதாக இருந்தால் படிக்கிறாள். இந்த நோய் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு பல மடங்கு என்பதால் டாக்டரம்மா எல்லோரையும் வரச் சொன்னார். அப்பாவைக் காட்டியாயிற்று. அத்தையின் மூத்த மகன், எனக்கு மச்சான், நாற்பத்தைந்து வயது, லாரி ஓட்டுகிறவர். போன் போட்டால் "எனக்குத்தான் ஆந்திரா பார்டர் போர்டு ரெண்டு கிலோமீட்டர்ல இருந்தே தெரியுதே மாப்ள" என்கிறார். தெரியும்தான். நேராக இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை லாரிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, லோக்கல் டிரெயினில் கூட்டிப்போவதாக இருக்கிறேன்.